சங்கிலிக் கூடையும் சாவா மூவாப் பேராடும்

போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதை ஆறு படிகளாகப் பிரித்துச் சொல்கிறது தொல்காப்பியம். கல்லை நடுவது அதில் நான்காவது படி. படையலும் வாழ்த்தும் அதற்கும் பிறகுதான். முதல் படிக்குப் பெயர் காட்சி: ஏற்ற கல் எது என்று தேடிக் கண்டடைவது. எந்தக் கல்லை எடுப்பது என்ற கேள்வியை வேலையாட்களின் பொறுப்பில் தள்ளிவிடாமல், அதையே சடங்கின் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். கல் வெடிக்குமா, உளி பட்டால் எழுத்து நிற்குமா, தூக்கிவர எத்தனை ஆள் வேண்டும் என்ற கணக்குகளெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட தருமபுரி, நடுகற்களின் நாடு. தமிழகத் தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி 1972-ல் பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலும், அதைத் தொடர்ந்து வந்த தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதியும் இந்த வட்டாரத்தின் வட்டெழுத்துக் கற்களை வெளியுலகுக்குக் கொண்டுவந்தன. ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்கள்தான் அவற்றில் அதிகம். தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் கற்களைப் பார்த்தால், செதுக்கிய கை பெரிய சிற்பியுடையதாக இல்லாவிட்டாலும் கல்லைத் தேர்ந்த கண் கூர்மையானது என்று தெரியும். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் தாங்கி நிற்கின்றன.

இந்த மண்ணில் நின்றுகொண்டு, ஒரு புதிய விளையாட்டுத் திடலுக்கு இரும்புக் கூடை வாங்குவதைப் பற்றி யோசித்தால், அது வெறும் கொள்முதல் விவகாரமாக முடிந்துவிடுவதில்லை. ஊருக்குப் பொதுவாக வைக்கும் ஒரு பொருள் எவ்வளவு காலம் நிற்க வேண்டும்? அப்படி நிற்பது பொருளின் கடமையா, வைத்தவர்களின் கடமையா? அறத்தைப் பற்றிய கேள்வி இது.

விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் தள்ளுவதுபோல, இங்கே பிளாஸ்டிக் தட்டை எறிந்து, எத்தனை குறைந்த எறிகளில் முடியுமோ அத்தனையில் கூடைக்குள் விழவைக்க வேண்டும். ஒரு முழுத் திடலுக்குப் பதினெட்டுக் கூடைகள். சிறிய திடலுக்கு ஒன்பது போதும். சென்னைக் கடற்கரைகளில் அல்டிமேட் ஃப்ரிஸ்பி ஆடும் பிள்ளைகளின் கையில் இருக்கும் தட்டுக்கு இது நெருங்கிய சொந்தம். கோல்ஃபுக்கு வேண்டிய புல்வெளி இதற்கு வேண்டாம். அதற்கு ஊற்றும் தண்ணீரும் வேண்டாம். புளியமரமும் பாறையும் சரிவும் குறுக்கே வந்தால் ஆட்டத்துக்குச் சுவை கூடும். தருமபுரி போன்ற வறண்ட மேட்டுநிலத்துக்குச் சொல்லிவைத்ததுபோல் பொருந்துகிற விளையாட்டு. உலகில் இன்று 15,000-க்கும் மேற்பட்ட திடல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில், கட்டணமில்லாமல். காவலுக்கு ஆள் கிடையாது. யாரும் வரலாம், ஆடலாம், போகலாம். கூடையின் பாரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது: பெயர் தெரியாத மனிதர்களுக்காக, திறந்த வெளியில், அது தனியாக நிற்க வேண்டும்.

முதலில் கூடையே கிடையாது. 1975-ல் கலிஃபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் முதல் நிரந்தரத் திடலை அமைத்தபோது, இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள். தட்டு கம்பத்தில் பட்டால் முடிந்தது. ஆனால் பட்டதா, படவில்லையா? தெருவில் கிரிக்கெட் ஆடிய எவருக்கும் இந்தச் சச்சரவு தெரியும். தூரத்தில் நிற்பவர் பட்டது என்பார், பக்கத்தில் நிற்பவர் உரசிக்கூடப் போகவில்லை என்பார். ஹெட்ரிக்கும் அவருடைய மகனும் சேர்ந்து இதற்குக் கண்ட தீர்வு, கம்பத்தின் உச்சியில் வளையம் மாட்டி அதிலிருந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு கூடையைப் பொருத்துவது. பறந்து வரும் தட்டின் வேகத்தைச் சங்கிலி வாங்கிக்கொள்ளும். தட்டு கூடையில் விழும். காப்புரிமை 1977-ல் கிடைத்தது. சாட்சி சொல்ல மனிதர் தேவைப்படாத ஒரு பொருள் அன்று பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. அந்தச் சங்கிலியின் சலசலப்புதான் இன்று உலகமெங்கும் இந்த ஆட்டத்தின் ஓசை.

நியாயம் சொல்கிற பொருள் துருப்பிடித்துச் சாய்ந்தால் நியாயமும் சாய்ந்துவிடும். அதனால் இரும்பைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் நிரந்தரக் கூடை ஒன்று சில நூறு டாலர். நானூறு டாலர் என்று வைத்துக்கொண்டாலே பதினெட்டுக்கு 7,200 டாலர். நம் பணத்தில் ஆறு லட்சம் ரூபாயைத் தொடும். கப்பல் கூலியும் சுங்கமும் தனி. ஓர் அரசுப் பள்ளிக்கோ ஊராட்சிக்கோ அது எட்டாத தொகை. ஆனால் எல்லாத் திடலுக்கும் உயர்ந்த ரகம் தேவையே இல்லை. 1976-ல் தொடங்கிய தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் கூடைகளை மூன்று தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது: சாம்பியன்ஷிப், ஸ்டாண்டர்டு, பேசிக். உலகப் போட்டி நடக்காத இடத்தில் முதல் தரத்தைத் தேடி அலைவது வீண். கூடையின் உடம்பில் இருப்பது என்ன? ஒரு குழாய், இரண்டு வளையம், கம்பிக் கூடு, இருபதுக்கு மேற்பட்ட சங்கிலித் துண்டுகள். தருமபுரியிலோ பாலக்கோட்டிலோ கேட் செய்கிற எந்த வெல்டிங் பட்டறையும் செய்துவிடக்கூடிய வேலைதான்.

செய்வது எளிது, காப்பதில்தான் நுணுக்கம். பெயின்ட் அடிக்கலாம், பவுடர் கோட்டிங் செய்யலாம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சங்கிலி நாள் முழுக்க ஒன்றோடொன்று உரசுகிற பொருள். உரசிய இடத்தில் பூச்சு போகும், போன இடத்தில் துரு நுழையும், நுழைந்த துரு பூச்சுக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். இதைவிட நல்ல வழி, செய்து முடித்த இரும்பை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் அப்படியே முக்கி எடுப்பது. பட்டறைக்காரர்கள் கால்வனைசிங் என்பார்கள். இதில் வரிசை முக்கியம்: வெல்டிங் முதலில், முக்குவது பிறகு. ஏற்கெனவே துத்தநாகம் ஏறிய ஜி.ஐ. பைப்பை வாங்கி வெல்டிங் வைத்தால், சூட்டில் இணைப்பின் ஓரத்துத் துத்தநாகம் எரிந்துபோகும். துரு அங்கேதான் முதலில் கண் திறக்கும். கடலோர உப்புக்காற்று இல்லாத தருமபுரியில், முறையாக முக்கி எடுத்த இரும்பு சென்னைக் கடற்கரையில் நிற்பதைக் காட்டிலும் பல ஆண்டுகள் கூடுதலாக நிற்கும்.

துத்தநாகம் இரும்பைக் காக்கிற விதம் வியப்பானது. வெறும் போர்வையாக மட்டும் அது இருப்பதில்லை. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் துத்தநாகம் இருக்கும்வரை முதலில் அரிபடுவது துத்தநாகம்தான். இரும்புக்கு வரவேண்டிய அழிவைத் தான் வாங்கிக்கொண்டு கரைகிறது. வேதியியல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே தியாகக் காப்பு என்ற பொருள் தருவது. மந்தையைக் காக்கத் தான் விழுந்தவனுக்குக் கல் நட்ட நாட்டில் இந்த வேதியியல் புரியாமல் போகாது. தருமபுரிக்குக் கிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது; கள்வரைத் தடுத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். காத்தது யார் என்று மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். காத்தது மனிதனா நாயா என்ற வேறுபாடு அந்தக் கல்லில் இல்லை.

ஆக, கல்லைப் போல் உறுதியான பொருளை வாங்கி நட்டுவிட்டால் கடமை முடிந்ததா? முடிந்தது என்று நினைக்க இடம் தருவது சுமைதாங்கிக் கல். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இன்னும் அங்கங்கே நிற்கிறது: இரண்டு நெடுங்கல், மேலே குறுக்கே ஒரு கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தலைச்சுமையோடு நடந்து வருபவர், இறக்கிவிட ஆள் தேடாமல், தானே சாய்த்து வைத்து இளைப்பாறிப் போகலாம். உயரம் அதற்கேற்ற உயரம். முன்பின் தெரியாதவரின் கழுத்துவலியை நினைத்துக் கல்லைத் தேர்ந்த மனம் எவ்வளவு பெரியது! பராமரிப்புச் செலவு கிடையாது. திருடிக்கொண்டு போனாலும் பயன் கிடையாது. மலிவு, உறுதி இரண்டும் அதைப் போல் சேர்ந்த பொதுப்பொருள் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் இன்று அதில் சுமை இறக்குபவர் யார்? பேருந்தும் டெம்போவும் வந்தபிறகு தலைச்சுமைப் பயணம் ஓய்ந்துவிட்டது. கல் அப்படியே நிற்கிறது. கல்லைக் கேட்ட தேவை போய்விட்டது. சாலையை அகலப்படுத்தும்போது புல்டோசர் தள்ளிவிட்ட சுமைதாங்கிகள் எத்தனையோ. யாருடைய கவனிப்பும் தேவைப்படாத பொருள், காலப்போக்கில் யாருடைய கவனத்திலும் இல்லாத பொருளாகிவிடுகிறது. பொருளின் உறுதியே அதன் தனிமைக்குக் காரணமாகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

தகடூரிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு பார்வை பதிவாகியிருக்கிறது. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தகடூர் அரசன் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகக் காஞ்சித் தொண்டைமானிடம் போகிறார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிப் பளபளவென்று காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. ஔவை தன் அரசனின் ஆயுதங்களைப் பற்றிச் சொல்கிறார்: பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்று. இகழ்வதுபோல் புகழ்வது என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். அது சரிதான். ஆனால் பாட்டுக்குள் இன்னொரு மனிதர் இருக்கிறார், பெயரில்லாமல். கொல்லன். அதியமானின் வேல் முறியாத வேல் என்று ஔவை சொல்லவில்லை. முறியும், ஆனால் முறிந்ததைச் சேர்க்க ஊரில் ஒரு கை இருக்கிறது. தகடூரின் வலிமை அந்தக் கையில் இருந்தது.

மயிற்பீலி இன்னோர் இடத்திலும் வருகிறது. அதியமான் இறந்தபின் அதே ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில், அவனுடைய நடுகல்லுக்குப் பீலி சூட்டுகிறார்கள். இரண்டு பாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பீலி சூடியது பயன் ஓய்ந்த பொருளும், உயிர் ஓய்ந்த உடலின் கல்லும். உயிரோடிருந்த அதியமானின் வேலுக்கு அவர் பீலி சூட்டவில்லை. அது பட்டறையில் அடிவாங்கிக்கொண்டிருந்தது.

இந்த வட்டாரத்து இரும்பின் வயதும் சின்னதல்ல. பழைய தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-ல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில், இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுக்கு முன் இங்கே இரும்பைக் கையாண்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்த பொருள்களில் மண்ணுக்கடியில் மிஞ்சுவது துருவேறிய துண்டுகள். தொழில்தான் கையிலிருந்து கைக்கு வந்திருக்கிறது. பென்னாகரம் பக்கத்து முனியப்பன் கோயில்களில் வெட்டவெளியில் நட்டிருக்கும் வேல்களைப் பார்த்தாலும் இதுவே தெரியும். பழைய வேல் துருவேறி மெலிகிறது. வேண்டுதல் நிறைவேறியவர் புதிய வேல் செய்து கொண்டுவந்து பக்கத்தில் நடுகிறார். சாமிக்கு முன்னால் வேல் இல்லாத நாள் என்று ஒன்று வருவதில்லை.

கூடை வாங்குபவருக்கு இதில் நடைமுறையான ஒரு பாடம் இருக்கிறது. வெளிநாட்டுக் கூடையில் ஒரு சங்கிலி அறுந்தால் அதே அளவுச் சங்கிலி வர மாதக்கணக்கில் ஆகலாம். உள்ளூரில் எடைக்கு விற்கும் சங்கிலியில் செய்தது அறுந்தால் மறுநாளே மாற்றலாம். வளையத்தில் சங்கிலியை வெல்டிங் வைத்து ஒட்டாமல் கொக்கி போட்டு மாட்டினால், அறுந்த ஒன்றை மட்டும் கழற்றிப் புதிது மாட்ட ஒரு ஸ்பேனர் போதும். கம்பத்தை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைக்காமல், தரையில் ஒரு குழாய் உறையைப் புதைத்து அதற்குள் கம்பத்தை இறக்கிப் பூட்டுவது உலகெங்கும் உள்ள முறை. வளைந்த கம்பத்தைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். பூட்டு இருந்தால் ஓர் இரவில் பிடுங்கிப் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேரும் ஆபத்தும் குறையும். மலிவான கூடை, விலையுயர்ந்த கூடை என்று பிரிப்பதைவிட, பழுது பார்க்க முடிந்த கூடை, முடியாத கூடை என்று பிரிப்பது மேல்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கவனிப்பை நம்பலாமா? தலைமையாசிரியர் மாறுவார், ஊராட்சித் தலைவர் மாறுவார், ஆர்வத்தோடு தொடங்கிய இளைஞர் வேலை தேடி ஓசூருக்கோ பெங்களூருக்கோ போவார். ஏழை ஊருக்குப் பழுதுபார்ப்புச் செலவே பாரம். ஆகவே கடன் வாங்கியாவது முதலிலேயே உறுதியானதை வாங்கிவிடு, பிறகு மனிதர்களை நம்ப வேண்டியதில்லை. இது கேலியாகத் தள்ளக்கூடிய வாதமல்ல. கவனிப்பாரின்றித் தூர்ந்துபோன ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் சொல்லும் வாதம். குடிமராமத்து என்ற அழகான சொல் இருந்தும், மடையைத் திறக்கவும் கரையைக் கட்டவும் ஆளில்லாமல் ஏரிகள் போனதை ஊர்கள் கண்டிருக்கின்றன.

இந்த அவநம்பிக்கையைச் சோழர் காலத்துக் கோயில்களும் எதிர்கொண்டிருக்கின்றன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு என்றைக்கும் எரிய வேண்டும். நெய் தீரும் பொருள். பொன் கொடுத்தால் செலவழிந்துபோகும். அதனால் ஆடு கொடுத்தார்கள். ஒரு விளக்குக்குப் பொதுவாக 96 ஆடு. பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டுகள் இந்த மந்தைக்குக் கொடுத்த பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகும் என்பது கல்வெட்டு எழுதியவருக்கும் தெரியும், பெற்றுக்கொண்ட இடையருக்கும் தெரியும். ஆனால் செத்ததற்கு ஈடாகக் குட்டி வளரும். 96 என்ற எண் குறையாது, குறையவும் விடக்கூடாது. பத்தாண்டு கழித்து முதலில் கொடுத்த ஆடுகளில் ஒன்றுகூட உயிரோடிருக்காது. ஆனாலும் மந்தை அதே மந்தை, விளக்கு அதே விளக்கு.

நிலையாமையைப் பற்றிச் சமணமும் பௌத்தமும் சைவமும் இந்த மண்ணில் நிறையப் பேசியிருக்கின்றன. அந்தப் பேச்சின் சாரத்தை ஒரு நிர்வாக ஏற்பாடாகவே மாற்றிவிட்டது இந்த ஆட்டு மந்தை. எந்தப் பொருளும் நிலைக்காது என்று ஒப்புக்கொண்டு, நிலைக்க வேண்டியதைப் பொருளிலிருந்து எடுத்து ஒரு பொறுப்பில் வைத்தார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல்வெட்டுகள் சொன்னாலும், இன்று அந்த மந்தைகள் இல்லை. பல விளக்குகள் அணைந்தும் போயின. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரும்போ கல்லோ செய்யாத ஒன்றை அந்த ஏற்பாடு தலைமுறைகளுக்குச் செய்தது: ஒவ்வொரு நாளும் ஒரு மனிதரை அந்த விளக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

கூடையைக் கண்டுபிடித்த ஹெட்ரிக், தொழில்முறைச் சங்கத்தின் முதல் உறுப்பினர் எண்ணைக் கொண்டவர், 2002 ஆகஸ்டில் இறந்தார். அவருடைய விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். ஒகேனக்கல்லில் காவிரியில் அஸ்தி கரைக்கும் நமக்கு முதலில் கொஞ்சம் துணுக்கென்று இருக்கும். யோசித்துப் பார்த்தால், அவர் தனக்கு நடுகல் கேட்கவில்லை. கைமாறிப் பறந்துகொண்டிருக்கக் கேட்டிருக்கிறார்.

தருமபுரியில் ஒரு பள்ளியோ ஊரோ இந்தத் திடலை அமைக்க முன்வந்தால், பதினெட்டையும் ஒரே மூச்சில் நட வேண்டாம். ஆறு கூடையில் தொடங்கலாம்; மிச்சப் பணத்தில் உதிரிச் சங்கிலியும் கொக்கியும் வாங்கி வைக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை பட்டறைக்குக் கொடுக்க ஒரு தொகை ஒதுக்கலாம். ஒவ்வொரு கூடையையும் ஒரு வகுப்போ ஒரு குடும்பமோ பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளலாம். திடலின் பலகையில் நன்கொடை தந்தவரின் பெயரை எழுதுவது எங்கும் உள்ள பழக்கம். செய்த பட்டறைக்காரரின் பெயரும், கூடையைப் பார்த்துக்கொள்கிறவர் பெயரும் அதே அளவு எழுத்தில் அதன் கீழ் வரவேண்டும்.

இதற்கு முன்மாதிரி தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிறது. விளக்குக்கு ஆடு பெற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் தவறினால் நெய் அளக்கப் பிணை நின்ற உறவினர்களின் பெயர்களும் கூடவே இருக்கின்றன. இராசராசனின் பெயர் இருக்கும் அதே கோயிலின் கல்லில், அதே உளியின் ஆழத்தில்.